நார்ஸ் புராணத்தின் பார்வையற்ற ஹொதுர்: பால்டரைக் கொன்ற பழி யார் மேல்? எந்த மூலத்தை வைத்து எழுதுவது?

ஒலிப்பேழை:

வணக்கம். வடக்கு ஐரோப்பியரின் பழைய நார்ஸ் புராணத்தில் வரும் பால்டர் கொலையைப் பற்றித் தமிழில் ஓர் ஒலித்தொடர் தயாராகிறது. மொத்தம் 3 பகுதி, ஒவ்வொன்றும் 20 நிமிடம். கதையின் நடுவில் நிற்கப்போவது சூழ்ச்சிக்கார லோகியும் இல்லை, கொல்லப்பட்ட பால்டரும் இல்லை. புல்லுருவிக் குச்சியை எறிந்த பார்வையற்ற தெய்வம் ஹொதுர்.

இணையத்தில் தேடத் தேட முரண்தான் கூடுகிறது. ஹொதுர் பால்டரோடு இரட்டையாகப் பிறந்தவன் என்கிறது ஒரு பக்கம். இருளுக்கும் குளிர்காலத்துக்கும் அதிபதி என்கிறது இன்னொன்று. ஆயுதம் ஓரிடத்தில் அம்பு, ஓரிடத்தில் ஈட்டி, ஓரிடத்தில் வாள். நன்னா பால்டரின் மனைவி என்று படித்து முடிப்பதற்குள், ஹொதுர்தான் அவளை மணந்தான் என்று வேறொருவர் எழுதியிருக்கிறார்.

தெரிய வேண்டியவை இவை. பார்வையின்மை எந்த மூலத்தில் வருகிறது? லோகி தூண்டியதாகச் சொல்வது பழைய செய்திதானா, பிற்காலச் சேர்க்கையா? ஹொதுருக்கு என்ன தண்டனை, யார் கொடுத்தது? எறிந்தது உண்மையில் என்ன பொருள்? திருதராட்டிரனோடு ஹொதுரை ஒப்பிட்டு ஆய்வாளர் ஒருவர் எழுதியதாகக் கேள்வி. அதைத் தொடரில் சேர்க்கலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, பார்வையில்லாத ஒருவனை ஏமாளியாகக் காட்டாமல் இந்தக் கதையை எப்படிச் சொல்வது?

ஏட்டுச்சுவடி:

மூன்று தனிக் கதைகளை ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கிளறியதால் வந்த குழப்பம் இது. எழுத உட்காரும் முன் ஒவ்வொரு மூலத்தையும் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்; ஒன்றில் இருப்பதை இன்னொன்றுக்குக் கடன் வாங்காதீர்கள்.

முதல் தாள் 'வொலுஸ்பா' என்னும் பாட்டு. தெய்வங்களின் தலைவன் ஓடினுக்கு ஒரு பெண் குறிசொல்லி உலகத்தின் தொடக்கத்தையும் முடிவையும் சொல்வது. கோடெக்ஸ் ரெகியுஸ் என்ற தோல் ஏட்டில் இருக்கிறது. ஏடு எழுதப்பட்டது 1270-ஐ ஒட்டி. பாட்டு அதைவிடப் பழையது. பால்டர் கொலை 31 முதல் 33 வரையுள்ள பாடல்களில் வருகிறது. அங்கே இருப்பது இவ்வளவுதான்: வயல்வெளிக்கு மேலே உயர்ந்து, மெலிந்து, மிக அழகாக நின்றது புல்லுருவி. மெலிதாகத் தெரிந்த அந்தச் செடியிலிருந்து துயரம் தரும் எறிபடை ஒன்று உருவானது. ஹொதுர் எறிந்தான். பால்டரின் சகோதரன் ஒருவன் விரைவில் பிறந்தான்; பிறந்து ஒரே இரவான நிலையில் போரிட்டான்; பால்டரின் பகைவனைச் சிதைக்குக் கொண்டுபோகும் வரை கை கழுவவில்லை, தலை வாரவில்லை. பால்டரின் தாய் ஃப்ரிக் தன் ஃபென்சலிர் மாளிகையில் அழுதாள்.

மூன்று பாடல்களிலும் ஹொதுர் பார்வையற்றவன் என்ற சொல் இல்லை. லோகி பக்கத்தில் நின்று கையைத் திருப்பிவிட்டதும் இல்லை. அடுத்து லோகி கட்டுண்டு கிடக்கும் காட்சி வருகிறது. ஆனால் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பாட்டு எதுவும் சொல்லவில்லை. ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்: இதே பாட்டு ஹவுக்ஸ்போக் என்ற 14-ஆம் நூற்றாண்டு ஏட்டிலும் உண்டு, அதில் இந்தக் கொலைப் பாடல்கள் கிடையாது. ஆகவே எந்தப் பதிப்பை எடுக்கிறீர்கள் என்று பார்க்காமல் பாடல் எண்ணை மேற்கோள் காட்டாதீர்கள். எண்கள் பதிப்புக்குப் பதிப்பு ஒன்றிரண்டு தள்ளி வரும்.

இரண்டாம் தாள் 'பால்டர் கனவுகள்' என்ற சிறு பாட்டு. ஓடின் பெயரை மறைத்துக்கொண்டு இறந்தோரின் ஹெல் உலகுக்குக் குதிரையில் போய், இறந்துபோன குறிசொல்லியை எழுப்பிக் கேட்கிறான். பால்டரைக் கொல்லப்போவது ஹொதுர், பழிவாங்கப்போவது ரிந்த் என்பவள் பெற்றெடுக்கும் வாலி என்று பதில் வருகிறது. இதிலும் பார்வையைப் பற்றிப் பேச்சில்லை. லோகியின் பெயர் கடைசிப் பாடலில், அவன் கட்டவிழ்ந்து வரப்போவதைச் சொல்லும் இடத்தில் மட்டும் வருகிறது; கொலையில் அவனுக்குப் பங்கு சொல்லப்படவில்லை.

லோகியின் பங்கு பிற்காலத்துக் கற்பனை என்று இதை வைத்து முடிவுகட்டவும் முடியாது. 'லோகசென்னா' என்ற வசைப்பாட்டின் 28-ஆம் பாடலில், பால்டர் இனிமேல் உன் மண்டபத்துக்குக் குதிரையேறி வராதபடி செய்தவன் நானே என்று லோகி ஃப்ரிக்கின் முகத்துக்கு நேரே சொல்கிறான். எப்படிச் செய்தான் என்று அங்கே விளக்கம் இல்லை.

மூன்றாம் தாள்தான் நமக்கெல்லாம் தெரிந்த கதை. ஸ்னோர்ரி ஸ்டுர்லுசன் (1179–1241) என்ற ஐஸ்லாந்துத் தலைவர், கவிஞர், வரலாற்றாசிரியர், சுமார் 1220-இல் எழுதிய 'உரைநடை எட்டா' என்ற நூல். பார்வையின்மை இங்கேதான் வருகிறது. தெய்வங்களின் பட்டியலில் ஹொதுருக்குச் சில வரிகள்: அவன் பார்வையற்றவன், மிகுந்த வலிமையுள்ளவன், அவன் பெயரைச் சொல்ல வேண்டிய நிலை வராமல் இருந்தால் தெய்வங்களுக்கு நிம்மதி, அவன் கை செய்த செயல் நெடுங்காலம் நினைவில் நிற்கும். கவிஞர்களுக்கான பகுதியில் ஹொதுரைக் குறிக்கப் பயன்படும் தொடர்களையும் வரிசையாகத் தருகிறார்: பார்வையற்ற தெய்வம், பால்டரைக் கொன்றவன், புல்லுருவி எறிந்தவன், ஓடினின் மகன், ஹெல்லின் துணைவன், வாலியின் பகைவன்.

கொலைக் காட்சியைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஒலிநாடகத்துக்கு இதுதான் முதுகெலும்பு. பால்டருக்குத் தன் உயிருக்கு ஆபத்து என்று கனவுகள் வருகின்றன. ஃப்ரிக் நெருப்பு, நீர், இரும்பு, மற்ற உலோகங்கள், கல், மண், மரம், நோய், விலங்கு, பறவை, நஞ்சு, பாம்பு எல்லாவற்றிடமும் பால்டரைத் தீண்டமாட்டோம் என்று சத்தியம் வாங்குகிறாள். பிறகு அது வேடிக்கையாகிவிடுகிறது: சபை கூடும் இடத்தில் பால்டர் நடுவில் நிற்க, சிலர் எறிகிறார்கள், சிலர் வெட்டுகிறார்கள், சிலர் கல்லடிக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. லோகி பெண் வேடத்தில் ஃபென்சலிருக்குப் போய்ப் பேச்சுக் கொடுக்கிறான். ஓடினின் மண்டபமான வல்ஹல்லாவுக்கு மேற்கே புல்லுருவி என்று ஒரு செடி, சத்தியம் கேட்க முடியாத அளவுக்கு இளசாகத் தெரிந்தது என்று ஃப்ரிக் சொல்லிவிடுகிறாள். லோகி போய்ப் பிடுங்கிக்கொண்டு சபைக்கு வருகிறான்.

ஹொதுர் வட்டத்தின் வெளி ஓரத்தில் நிற்கிறான். நீ ஏன் எறியவில்லை என்று லோகி கேட்க, இரண்டு காரணம் சொல்கிறான்: பால்டர் எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை, தவிர, என்னிடம் ஆயுதமும் இல்லை. மற்றவர்களைப் போல நீயும் பால்டருக்கு மரியாதை செய், அவன் நிற்கும் திசையை நான் காட்டுகிறேன், இந்தக் குச்சியை எறி என்கிறான் லோகி. எறிந்தான். குச்சி பாய்ந்தது, பால்டர் செத்து விழுந்தான்.

உங்கள் மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. இரட்டைப் பிறவி என்று எந்த மூலமும் சொல்லவில்லை. குளிர்கால அதிபதி என்பதும் மூலத்தில் இல்லை. புராணம் முழுவதையும் ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் சண்டையாகப் பார்த்த 19-ஆம் நூற்றாண்டு விளக்கம் அது. இன்னொரு பொறி: ஃப்ரிக் பால்டரின் தாய் என்று ஸ்னோர்ரி தெளிவாகச் சொல்கிறார், ஹொதுரின் தாய் யார் என்று சொல்லவே இல்லை. ஒரு மகன் இன்னொரு மகனைக் கொன்றதைப் பார்த்துக் கதறிய தாய் என்று ஃப்ரிக்குக்கு வசனம் எழுதினால் அதற்கு ஆதாரம் கிடையாது. ஓடினுக்கு அந்த வசனம் பொருந்தும்.

வேர்த்தண்டு:

ஆயுதம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

புல்லுருவி என்றதும் நம் ஊர்க்காரர் மனதில் மாமரத்துக் கிளையில் ஆரஞ்சு சிவப்பில் குழாய்ப் பூ பூத்துத் தொற்றியிருக்கும் செடிதான் வரும். கதையில் வருவது அது இல்லை. ஐரோப்பியப் புல்லுருவி, விஸ்கம் ஆல்பம். ஆப்பிள், லிண்டன், பாப்லர் மரக் கிளைகளில் பந்து போல உருண்டையாக வளரும். நன்றாக வளர்ந்த பந்து ஒரு மீட்டர் அகலம்கூட இருக்கும். மண்ணில் வேர் விடாது. கிளைக்குள் உறிஞ்சுறுப்பைச் செலுத்தி நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்ளும், மாவுச்சத்தைத் தன் பச்சை இலையிலேயே தயாரித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் தாங்கும் மரம் மொட்டையாக நிற்க, இது மட்டும் பச்சையாக இருக்கும். வெள்ளைப் பழம், பிசின் போன்ற சதை. பறவைகள் தின்று அலகைக் கிளையில் தேய்த்தும் எச்சமிட்டும் விதையைப் பரப்பும்.

ஒவ்வொரு கணுவிலும் தண்டு இரண்டாகப் பிரியும். அந்தத் துண்டின் நுனியில் ஒரு ஜோடி தடித்த இலை. அடுத்த ஆண்டு அங்கிருந்து மறுபடி இரண்டு. கணுவுக்குக் கணு சில சென்டிமீட்டர்தான் நேர்த்தண்டு, கணுவில் வளைத்தால் எளிதில் முறியும். ஆகவே அம்பு செய்யவோ ஈட்டிக் காம்பு செய்யவோ இதில் நேரான குச்சி கிடைக்காது. ஓவியர்களும் எழுத்தாளர்களும் இதனால் திணறி, நுனியில் இரும்பு வைத்த அம்பாக மாற்றிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். இரும்பு ஏற்கெனவே சத்தியம் செய்துவிட்ட பொருள். நுனியில் இரும்பு இருந்தால் கதையின் அச்சாணியே கழன்றுவிடும். இங்கே ஆயுதத்தின் பலம் அதன் கூர்மையில் இல்லை, சத்தியத்தில் விட்டுப்போன ஓட்டையில் இருக்கிறது.

வில் உண்டா என்றால், ஸ்னோர்ரியில் வில் இல்லை. மூலத்தில் வரும் வினை அம்பு எய்வதற்கும் ஈட்டி எறிவதற்கும் பொதுவானது. ஆயுதத்தை மெல்லிய குச்சி என்றுதான் சொல்கிறார். நாண் இழுக்கும் ஓசையைப் பின்னணியில் சேர்க்க வேண்டாம். கல் விழும் சத்தம், கோடரி பட்டும் வெட்டாமல் திரும்பும் சத்தம், கூட்டத்தின் ஆரவாரம், பிறகு ஒரு குச்சி காற்றைக் கிழிக்கும் சத்தம் போதும்.

ஐஸ்லாந்தில் இந்தச் செடி வளர்வதில்லை. நார்வேயில் ஒஸ்லோ வளைகுடாப் பக்கம், ஸ்வீடனில் மெலாரன் ஏரிப் பக்கம் உண்டு. லோகி அதைத் தரையிலிருந்து நாற்றைப் பிடுங்குவது போலப் பிடுங்கினான் என்று ஸ்னோர்ரி எழுதுவதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பழைய பாட்டில் இருக்கும் 'வயலுக்கு மேலே உயர்ந்து' என்பது மரத்தின் மேல் நிற்கும் செடிக்கு நன்றாகவே பொருந்துகிறது. நீங்கள் எழுதும்போது லோகி கிளையிலிருந்து ஒடித்தான் என்று வைத்தால் தாவரவியலுக்குச் சரி, ஸ்னோர்ரிக்குச் சரியில்லை. தரையிலிருந்து பிடுங்கினான் என்றால் நேர்மாறு. எனக்குக் கேட்டால் ஸ்னோர்ரியின் கதையைச் சொல்லும்போது ஸ்னோர்ரி சொன்னபடியே விடுவதுதான் நியாயம்.

கடற்காகம்:

வாள், நன்னா குழப்பம் எல்லாம் டென்மார்க்கிலிருந்து வருவது. சாக்ஸோ கிராமாட்டிகுஸ் 1200-ஐ ஒட்டி லத்தீனில் எழுதிய டேனியர் வரலாற்றின் 3-ஆம் நூல். அங்கே ஹொதெருஸ் ஒரு மனிதன், ஸ்வீடன் அரச குலத்தவன், தந்தை பெயர் ஹொத்ப்ரோதுஸ். நார்வே அரசன் கெவாருஸின் வளர்ப்பு மகன். நீச்சல், வில், குத்துச்சண்டை எல்லாவற்றிலும் வல்லவன். யாழ் மீட்டிக் கேட்பவரை அழவும் சிரிக்கவும் வைப்பான். பார்வையில் குறை எதுவும் இல்லை. கெவாருஸின் மகள் நன்னாவுக்கு அவன் மேல் காதல்.

பால்தெருஸ்தான் இங்கே இடையில் நுழைபவன். ஓடினின் மகனான அவன், நன்னா குளிப்பதைப் பார்த்து ஆசைப்படுகிறான். சாதாரண இரும்பு அவன் உடலைத் துளைக்காது. மிமிங்குஸ் என்ற காட்டுவாசியிடம் இருக்கும் வாளுக்கு மட்டுமே அது முடியும். ஹொதெருஸ் பனியும் குளிரும் தாண்டிப் போய் அந்த வாளைக் கைப்பற்றுகிறான். கடற்போரில் தெய்வங்களே பால்தெருஸ் பக்கம் நிற்கிறார்கள்; ஹொதெருஸ் இடித்தெய்வம் தோரின் தண்டாயுதத்தின் கைப்பிடியை வெட்டிவிட, தெய்வங்கள் ஓடுகிறார்கள். அடுத்தடுத்த போர்களில் பால்தெருஸ் கை ஓங்குகிறது. பாம்பு நஞ்சு கலந்து சமைத்த மாய உணவு அவனுக்குப் பலம் தருவதை ஹொதெருஸ் கண்டுபிடிக்கிறான். கடைசியில் வழியில் எதிர்ப்பட்டு விலாவில் குத்துகிறான். மூன்றாம் நாள் பால்தெருஸ் சாகிறான். பழிவாங்க ஓடின் ருத்தேனிய அரசன் மகள் ரிந்தாவிடம் வஞ்சகமாக ஒரு மகனைப் பெறுகிறான். அவன் பெயர் போவுஸ். போரில் ஹொதெருஸைக் கொன்று, தானும் பட்ட காயத்தால் மறுநாளே இறக்கிறான்.

ஸ்னோர்ரியோடு சேர்ந்து வருவது மூன்றே விஷயம்: ஹொதுர் கையால் பால்டர் சாவு, பால்டரைக் கொல்லத் தனியான ஓர் ஆயுதம், ரிந்த் பெற்ற மகன் பழிவாங்குவது. மற்ற எல்லாம் முட்டும். நன்னா இரண்டு கதையிலும் இருப்பதால்தான் பக்கங்கள் தடுமாறுகின்றன. ஸ்னோர்ரியில் அவள் பால்டரின் மனைவி. அவன் சிதையைப் பார்த்து நெஞ்சு வெடித்துச் சாகிறாள், அவனோடு எரிக்கப்படுகிறாள். சாக்ஸோவில் ஹொதெருஸை மணக்கிறாள். ஒரே தொடரில் இரண்டையும் கலந்தால் முதல் பகுதியில் இறந்தவள் இரண்டாம் பகுதியில் கல்யாணம் செய்துகொள்வாள்.

மேலே வேர்த்தண்டு சொன்னதற்கு ஒரு சேர்க்கை. ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதைகளான சாகாக்களில் மிஸ்டில்டெய்ன் என்ற பெயரில் ஒரு வாளே வருகிறது. செடியின் பெயர்தான் அது. செடியா வாளா என்பதில் பழங்காலத்திலேயே கதை இரண்டாகப் பிரிந்து ஓடியிருக்கிறது.

இன்னொரு பழைய சாட்சி ஆங்கிலத்தில்: பேயோவுல்ப் காவியத்தில் 2435-ஆம் வரியை ஒட்டி வரும் கிளைக்கதை. யேயாட் அரசன் ஹ்ரேதெலின் மகன் ஹத்கின் குறிவைத்த அம்பு தவறி, அண்ணன் ஹெரேபேயால்டைக் கொன்றுவிடுகிறது. கொன்றவனும் மகன். ஈடு வாங்கவும் வழியில்லை, பழிவாங்கவும் வழியில்லை. தந்தை துக்கத்திலேயே சாகிறான். இரண்டு பெயர்களிலும் பால்டர், ஹொதுர் பெயர்களின் எதிரொலி கேட்பதால் ஆய்வாளர்கள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள். உங்கள் ஓடினுக்கு மனநிலை எழுத வேண்டுமானால் ஹ்ரேதெலின் பகுதியைப் படியுங்கள். மகனைக் கொன்ற மகனை என்ன செய்வது என்று திகைத்து நிற்கும் தகப்பனை இவ்வளவு துல்லியமாக அந்தக் கால வடக்கு இலக்கியத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

பாரதவாசகன்:

திருதராட்டிரன் ஒப்பீடு யாரோ இணையத்தில் கிளப்பியதல்ல. பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் துமேசில் முன்வைத்தது; 1959-இல் வெளிவந்த ஜெர்மானியத் தெய்வங்கள் பற்றிய நூலில் இருக்கிறது. பால்டர் இடத்தில் யுதிஷ்டிரன், லோகி இடத்தில் துரியோதனன், ஹொதுர் இடத்தில் திருதராட்டிரன். தீங்கில்லாத விளையாட்டு என்று தொடங்கியது, ஒருவன் சூழ்ச்சியால், பார்வையற்ற ஒருவன் வழியாகப் பேரழிவாக முடிவது இரண்டு கதைகளுக்கும் பொது. அங்கே எறிவிளையாட்டு, இங்கே சூதாட்டம். பிறகு உலகையே புரட்டும் போர். போருக்குப் பின் சமாதானம்: வொலுஸ்பா முடிவில் விதைக்காமலே வயல் விளையும் புதிய உலகில் ஹொதுரும் பால்டரும் ஓடினின் பழைய வெற்றி மனையில் சேர்ந்து வாழ்கிறார்கள். பாரதத்தில் போருக்குப் பிறகு திருதராட்டிரன் யுதிஷ்டிரன் அரண்மனையில் 15 ஆண்டுகள் மரியாதையோடு இருந்துவிட்டுத்தான் காட்டுக்குப் போகிறான்.

உடல் வலிமையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்னோர்ரி ஹொதுரை மிக வலிமையானவன் என்கிறார். திருதராட்டிரன் பீமன் என்று நினைத்து இரும்புப் பதுமையைத் தழுவி நொறுக்கியது எல்லாருக்கும் தெரிந்த காட்சி.

ஆனால் ஒப்பீட்டை அளவாக வையுங்கள். யுதிஷ்டிரன் சாகவில்லை. திருதராட்டிரன் கையால் எதையும் எறியவில்லை. முக்கியமாக, திருதராட்டிரன் அரசன். சூதாட்டத்துக்கு அனுமதி கொடுத்தவனே அவன்தான், விதுரன் எச்சரித்தும் கேட்கவில்லை. தடுக்கக்கூடிய இடத்தில் இருந்து தடுக்காத குற்றம் அவனுடையது. ஹொதுருக்கு எச்சரிக்கை யாரும் சொல்லவில்லை, தடுக்கும் அதிகாரமும் இல்லை. வட்டத்தின் ஓரத்தில் ஆயுதமில்லாமல் நின்றவன். தமிழ்க் கேட்பவர்கள் திருதராட்டிரன் என்ற பெயரைக் கேட்டதும் மகன் பாசத்தில் கண்டும் காணாமல் இருந்தவன் என்ற தீர்ப்பையும் சேர்த்தே நினைப்பார்கள். அந்தத் தீர்ப்பு ஹொதுர் மேல் ஒட்டிக்கொள்ளும். முதல் பகுதியிலேயே ஒப்பீட்டைச் சொன்னால் இந்த ஆபத்து நிச்சயம். மூன்றாம் பகுதியில், புதிய உலகச் சமாதானம் வரும் இடத்தில் சொன்னால் பகைக்குப் பிறகு சேர்ந்து வாழ்வது மட்டும் பொருந்தி நிற்கும்.

ஒலிப்பேழை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஏட்டுச்சுவடி ஐயாவுக்கு இன்னும் இரண்டு கேள்வி. கொலை நடந்ததும் ஹொதுரையோ லோகியையோ அங்கேயே ஏன் கொல்லவில்லை? பால்டர் விழுந்தபின் ஹொதுர் கதறி அழுவதாக நான் ஒரு நீண்ட வசனம் எழுதி வைத்திருக்கிறேன். அது மூலத்துக்கு விரோதமா?

ஏட்டுச்சுவடி:

முதல் கேள்விக்கு ஸ்னோர்ரியே பதில் சொல்கிறார். சபை கூடிய இடம் அமைதி காக்க வேண்டிய புனித இடம். செய்தவன் மேல் எல்லாருக்கும் ஒரே எண்ணம் இருந்தும், அங்கே யாரும் கை ஓங்க முடியாது. தெய்வங்கள் பேச முயன்றார்கள், அழுகைதான் வந்தது. ஓடினுக்கு வலி எல்லாரையும்விட அதிகம், ஏனென்றால் இந்தச் சாவால் என்ன இழப்பு வரப்போகிறது என்று அவனுக்கு மட்டுமே முழுதாகத் தெரியும்.

இரண்டாவதுக்கு: கொலைக்குப் பிறகு ஸ்னோர்ரியின் கதையில் ஹொதுர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பால்டரை மீட்க ஹெர்மோதர் 9 இரவு இருட்டுப் பள்ளத்தாக்குகளில் குதிரை ஓட்டி இறந்தோர் உலகின் தலைவி ஹெல்லிடம் போவது, பால்டரின் கப்பலைத் தள்ளியது, எல்லாரும் அழுதும் தொக் என்ற அரக்கி அழ மறுத்தது, லோகி சால்மன் மீனாக மாறி ஒளிந்து பிடிபட்டது, அவனைக் கட்டிப்போட்டு முகத்துக்கு மேலே நஞ்சுப் பாம்பைத் தொங்கவிட்டது எல்லாம் விரிவாக இருக்கிறது. ஹொதுருக்கு என்ன ஆனது என்று அந்தக் கதைப்பகுதி சொல்லவே இல்லை. வாலி ஹொதுரைக் கொன்றவன் என்ற செய்தி ஸ்னோர்ரிக்குத் தெரியும். கவிஞர்களுக்கான பட்டியலில் எழுதியிருக்கிறார். கதையில் மட்டும் விட்டுவிட்டார்.

என் கருத்து இது. பழைய பாட்டில் ஹொதுர் வெறும் கொலையாளி, பால்டரின் பகைவன். ஓரிரவுக் குழந்தை அவனைப் பழிவாங்குவது அந்தக் கதைக்கு முறையான முடிவு. ஸ்னோர்ரி அவனைப் பார்வையற்றவனாக்கி, திசை காட்டும் கையை லோகியிடம் கொடுத்தபின், அவனைக் கொல்லும் காட்சியைச் சொன்னால் கேட்பவருக்கு அநியாயமாகத் தோன்றும். அதனால் தண்டனைக் காட்சி முழுவதும் லோகி பக்கம் போய்விட்டது.

இதன் பின்னால் அந்நாட்டுச் சட்டமும் இருக்கிறது. கையால் கொன்றவன், யோசனை சொல்லிக் கொல்லவைத்தவன் என்று இரண்டு தனிப் பொறுப்புகள் வடக்கத்திச் சட்டத்தில் உண்டு. 'ஹிந்த்லா பாட்டு' என்ற இன்னொரு பழைய பாட்டு ஹொதுரை முதல் வகையில் வைக்கிறது: வாலி தன் சகோதரனைக் கையால் கொன்றவனை வீழ்த்தினான். ஸ்னோர்ரி லோகியை இரண்டாம் வகையில் வைக்கிறார். ஐஸ்லாந்தின் பழைய சட்டத்தொகுப்பான க்ராகாஸ், தெரியாமல் நடந்த செயல் என்று ஒன்று இல்லை என்றே விதிக்கிறது. விபத்து என்று சொல்லிக் கொன்றவன் தப்ப முடியாது. இந்தச் சட்டம் தெரிந்த கேட்பவர்களுக்கு ஹொதுர் குற்றமற்றவனும் ஆகமாட்டான், வில்லனும் ஆகமாட்டான். உங்கள் தொடரின் தலைமைக் கேள்வி இதுவாக இருந்தால் மூன்று பகுதியும் தானாக நிற்கும்.

கதறல் வசனத்தை எடுத்துவிடுங்கள் என்பேன். மூலத்தில் ஹொதுர் பேசியது அந்த இரண்டு காரணங்கள் மட்டும்தான், அவை எவ்வளவு நிதானமாக இருக்கின்றன பாருங்கள். தன்னால் எது முடியும், எது முடியாது என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரிகிறது. லோகி முதலில் மரியாதை என்ற சொல்லால் அவனை வட்டத்துக்குள் இழுக்கிறான். அங்கிருந்த எல்லாரும் பங்கெடுத்த விளையாட்டில் அவனை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. குற்றவுணர்ச்சியைவிட இந்த ஒதுக்கலைக் காட்டினால் பாத்திரம் கனமாகும். நடிகரிடம் தடுமாறும் குரல், தட்டுத்தடவும் ஓசை கேட்காதீர்கள். வலிமையான உடம்புக்காரனின் அமைதியான குரல் போதும்.

பார்வையின்மையை அந்தச் சமூகம் எப்படிப் பார்த்தது என்று காட்ட ஹாவமால் என்ற அறிவுரைப் பாட்டின் 71-ஆம் பாடலைப் படியுங்கள். நொண்டி குதிரையேறுவான், கையில்லாதவன் மந்தை மேய்ப்பான், செவிடன் சண்டை போடுவான்; சிதையில் எரிந்தவனைவிடக் குருடன் மேல், பிணத்தால் யாருக்கும் பயனில்லை என்கிறது. உறுப்புக் குறை உள்ளவனைப் பயனற்றவனாகப் பார்க்காத பாட்டு. ஓடினுக்கு ஒரு கண், தீர் என்ற தெய்வத்துக்கு ஒரு கை மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம். ஹொதுரையோ கடைசியில் சிதைக்கே கொண்டுபோகிறார்கள். மொழிபெயர்க்கும்போது இன்றைய வழக்குக்கு ஏற்பச் சொற்களை மாற்றிக்கொள்ளலாம், பொருள் கெடாது.

பகுதி பிரிப்பதற்கு: முதல் பகுதி வொலுஸ்பா கதை, பார்வையின்மை பற்றிப் பேச்சே எடுக்காமல். இரண்டாம் பகுதி ஸ்னோர்ரி. ஹொதுர் பார்வையற்றவன் என்பது இங்கேதான் முதன்முதலாகக் கேட்பவர் காதில் விழ வேண்டும். மூன்றாம் பகுதி சாக்ஸோ 10 நிமிடம், மீதி 10 நிமிடம் புதிய உலகமும் பாரத ஒப்பீடும்.

வேர்த்தண்டு:

பெயர் உச்சரிப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. ஹோட், ஹோடர் என்று எழுதுவதைவிட ஹொதுர் சரி. 'அது' என்பதில் வரும் த ஒலிதான் மூலத்திலும். அதே கணக்கில் ஓடினும் ஓதின் ஆக வேண்டும், ஆனால் ஓடின் தமிழில் பழகிவிட்டது, மாற்றினால் கேட்பவர் குழம்புவார். வாலிதான் பெரிய சிக்கல். தம்பியோடு பகை, மறைந்து நின்று எய்த அம்பு என்று ராமாயணம் உடனே நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு ஸ்னோர்ரியில் லோகிக்கும் வாலி என்று ஒரு மகன் உண்டு. ஓநாயாக மாறித் தன் சகோதரனைக் கிழிப்பவன். ஒவ்வொரு முறையும் 'ரிந்தின் மகன் வாலி' என்று முழுதாகச் சொல்லுங்கள். லோகியின் மகனை இந்தத் தொடரில் பெயர் சொல்லாமலே விட்டுவிடலாம்.